வண்ணத்துப்பூச்சியிலிருந்து தாயின் குருதிக்கு: சேர் சிறில் கிளார்க்கின் பிறப்புரிமையியல் ஆய்வுகள்

முன்னுரை

முதற் பிள்ளையை நலமே பெற்றெடுத்த தாயொருத்தியின் இரண்டாவது பிள்ளை, பிறந்து சில மணி நேரத்துள் உடல் மஞ்சளித்து, வலிப்புக் கண்டு இறந்துவிடுகின்றது. மூன்றாவது பிள்ளை கருப்பையினுள்ளேயே நீர்கோத்து வீங்கி, இறந்து பிறக்கின்றது. அதன்பின் அவள் வயிற்றில் உருவாகும் கருக்களுக்கும் இதே கதி நேர்கின்றது. தாயோ நோயறியாதவள், தந்தையும் அவ்வாறே. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இத்தகைய குடும்பங்கள் அரியனவாய் இருக்கவில்லை. காரணம் அறியப்படாத இடத்தில் பழி குடிபுகுதல் உலகியல்பு. பிள்ளை தங்காமையைப் பெண்ணின் வயிற்றுக் குற்றமாகவோ சாதகக் குற்றமாகவோ கொள்ளும் மனப்பாங்கு நம்மவர்க்கு மட்டும் உரியதன்று.

இக்கேட்டின் காரணம் தாயின் குற்றமன்று, தாயினதும் பிள்ளையினதும் குருதிகளுக்கிடையே பரம்பரை வழியாக ஏற்படும் ஒவ்வாமையே என்பது 1940களின் தொடக்கத்தில் நிறுவப்பட்டது. அதனைத் தடுக்கும் வழி 1960களில் கண்டறியப்பட்டது. அவ்வழியைக் கண்டோருள் முதன்மையானவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பணிபுரிந்த சிறில் கிளார்க் ஆவார். இவர் மகப்பேற்று மருத்துவரல்லர்; குருதியியல் நிபுணருமல்லர். பொது மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டு, ஓய்வு நேரங்களில் வண்ணத்துப்பூச்சி வளர்த்தவர். அவரது ஆய்வு வாழ்வின் போக்கினை விளக்குவதும், பயன் கருதாது தொடங்கிய அறிவுத் தேட்டம் எவ்வாறு மக்கட் பயனாக மாறிற்று, அப்பயன் இன்று எவ்விடத்தில் தடைப்பட்டு நிற்கின்றது என்பவற்றை நோக்குவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

கிளார்க்கின் பணியை விளங்கிக்கொள்வதற்கு நோயின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். 1939ஆம் ஆண்டு பிலிப் லெவின், ரூபஸ் ஸ்ரெற்சன் ஆகிய இருவரும் நியூயோர்க்கில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை வெளியிட்டனர். இறந்த பிள்ளையைப் பெற்ற பெண்ணொருத்திக்குக் குருதி தேவைப்பட்டது. ஏ, பீ, ஓ வகைப்படி அவளுடைய குருதியோடு பொருந்துவதான கணவனின் குருதி அவளுக்கு ஏற்றப்பட்டபோது அவளுடலில் கடுமையான எதிர்விளைவு தோன்றியது. அவளது நீர்ப்பாயம் கணவனின் செங்குருதிக் கலங்களை மட்டுமன்றி, அவளோடு குருதிவகை பொருந்திய 104 பேருள் 80 பேரின் கலங்களையும் ஒட்டித் திரளச் செய்தது. அதுவரை அறியப்படாத குருதிப் பண்பு ஒன்று உண்டு என்பதும், அப்பண்பு தந்தையிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளையின் குருதி வழியாகத் தாயின் அறிகைக்கும் எட்டியிருத்தல் கூடும் என்பதும் இதனாற் புலனாயின.

அடுத்த ஆண்டில் லான்ட்ஸ்ரைனரும் வீனரும் றீசஸ் குரங்கின் குருதியைக் கொண்டு செய்த ஆய்வின் பயனாக இப்பண்பு றீசசுக் காரணி எனப் பெயர் பெற்றது. ஐரோப்பிய மக்களுள் நூற்றுக்கு 85 பேர் அளவில் இக்காரணியை உடையவர்கள். இவர்கள் றீசசு நேர் வகையினர் எனப்படுவர். எஞ்சியோர் றீசசு மறை வகையினர். தென்னாசிய மக்களிடையே மறை வகையினர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவர்களே.

றீசசு மறை வகையினளான தாய், றீசசு நேர் வகையினனான தந்தை வழியாக றீசசு நேர்ப் பிள்ளையைக் கருக்கொள்ளும்போதே இடர் தோன்றுகின்றது. சூல்வித்தகம் தாயின் குருதியையும் பிள்ளையின் குருதியையும் பிரித்து வைத்திருப்பினும், பிரசவ வேளையில் பிள்ளையின் செங்குருதிக் கலங்கள் சிறிதளவு தாயின் குருதியினுட் கசிவதுண்டு. தாயின் உடல் அவற்றைப் பிறபொருளெனக் கருதி, அவற்றுக்கெதிரான பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. இவ்வாக்கம் சில வாரங்கள் எடுப்பதால் அந்தப் பிள்ளைக்குத் தீங்கில்லை. அது ஏற்கெனவே பிறந்துவிட்டது. ஆனால் உடலோ ஒருமுறை கற்றதை மறப்பதில்லை. அடுத்த கருவும் றீசசு நேர் வகையினதாயின், தாயின் பிறபொருளெதிரிகள் சூல்வித்தகத்தைக் கடந்து சென்று அதன் செங்குருதிக் கலங்களை அழிக்கின்றன. கருவுக்குக் குருதிச்சோகை ஏற்படுகின்றது. அழிந்த கலங்களிலிருந்து வெளிப்படும் பிலிரூபின் என்னும் நிறப்பொருள் பிறந்த குழந்தையின் மூளையிற் படிந்து நிரந்தர ஊனத்தையோ மரணத்தையோ விளைக்கின்றது. முதற் பிள்ளை தப்பிப் பின்வந்தவை மடிந்தமைக்கு இதுவே விளக்கம்.

1940களின் நடுப்பகுதி முதல், பிறந்த குழந்தையின் குருதியை முற்றாக மாற்றும் சிகிச்சை பல உயிர்களைக் காத்தது. 1963இல் நியூசிலாந்தின் வில்லியம் லைலி, கருப்பையிலிருக்கும் பிள்ளைக்கே குருதி ஏற்றும் முறையை நடைமுறைப்படுத்தினார். இவையெல்லாம் நோய் நேர்ந்தபின் செய்யும் பரிகாரங்கள். நோய் நேராமலே காக்கும் வழி வேறொரு துறையிலிருந்து வரவேண்டியிருந்தது.

மருத்துவரும் வண்ணத்துப்பூச்சியும்

சிறில் கிளார்க் 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரில் மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கேம்பிறிட்ஜிலும் இலண்டன் கைஸ் மருத்துவமனையிலும் பயின்று, இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் மருத்துவராகச் சேவையாற்றியபின், 1946இல் லிவர்பூலில் ஆலோசக மருத்துவராகப் பணியேற்றார். இளமையிலேயே வண்ணத்துப்பூச்சிகளில் ஈடுபாடு கொண்டிருந்த இவர், பின்னிறகில் வால் போன்ற நீட்சியுடைய பெருவண்ணத்துப்பூச்சி இனங்களை இனங்கலந்து வளர்க்கலானார். அடைத்து வைத்த இடத்தில் இவை எளிதிற் கலவி கொள்வதில்லை. கிளார்க் அவற்றைக் கையிற் பிடித்தே இணைசேர்க்கும் நுட்பத்தைக் கையாண்டார். அவருடைய மனைவியும் இப்பணியில் அவருக்கு உதவினார்.

1950களில், வண்ணத்துப்பூச்சிகள் வாயிலாகவே பிலிப் ஷெப்பேட் என்னும் உயிரியலறிஞரின் தொடர்பு கிளார்க்குக்கு ஏற்பட்டது. ஷெப்பேட் ஒக்ஸ்போட்டில் ஈ. பி. ஃபோட் அவர்களின் வழிவந்தவர். இயற்கைத் தேர்வினைக் களத்திலேயே அளந்தறியும் மரபிற் பயின்றவர். 1956இல் அவர் லிவர்பூல் பல்கலைக்கழகத்திற்கு வந்து சேர்ந்தார். ஒருவர் கலவி ஆய்வின் கைத்திறன் மிக்கவர். மற்றவர் பிறப்புரிமையியற் கோட்பாட்டில் ஆழ்ந்தவர். இவ்விருவரின் கூட்டுழைப்பு 1976இல் ஷெப்பேட் மறையும்வரை நீடித்தது.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள், ஆபிரிக்காவில் வாழும் பப்பிலியோ டார்டனசு என்னும் வண்ணத்துப்பூச்சியாகும். இவ்வினத்தின் ஆண்கள் எங்கும் ஏறத்தாழ ஒரே தோற்றமுடையன. மஞ்சளும் கறுப்புமான இறகும் வாலும் கொண்டவை. பெண்களோ இடத்துக்கிடம் வெவ்வேறு கோலங்கள் கொண்டு, பறவைகள் கைப்புச் சுவை கருதி உண்ணாது விடும் வேறு இன வண்ணத்துப்பூச்சிகளைப் போலத் தோற்றுகின்றன. இப்போலித்தோற்றமே அவற்றுக்குக் காப்பு. நிறம், கோலம் எனப் பல கூறுகள் சேர்ந்தமைந்த இத்தோற்றம், தலைமுறைதோறும் சிதையாமல் ஒரே பரம்பரையலகின் பண்பு போல முழுமையாகக் கடத்தப்படுவது எங்ஙனம் என்பதே வினா. நிறமூர்த்தத்தில் மிக நெருங்கியமைந்த பல பரம்பரையலகுகள் பிரியாது ஒன்றாகச் செல்வதே காரணமென அவர்கள் கருதினர். அத்தகைய கூட்டத்தைப் பெரும்பரம்பரையலகு எனலாம். தொலைவிடங்களைச் சேர்ந்த வகைகளை அவர்கள் இனங்கலந்தபோது போலித்தோற்றத்தின் நேர்த்தி குலைந்தது. ஒரு பரம்பரையலகின் விளைவு அதனைச் சூழ்ந்துள்ள ஏனைய பரம்பரையலகுகளிலும் தங்கியுள்ளது என்பதற்கு இது தெளிவான சான்றாயிற்று.

இவ்வாய்வு மரபில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. எமது வீட்டுத் தோட்டங்களில் கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றின் இலையை உண்டு வளரும் கருநிற வண்ணத்துப்பூச்சியான பப்பிலியோ பொலிற்றசு இனத்திலும் பெண்கள் பல வடிவினவாய் உள்ளன. ஒரு வடிவம் ஆணை ஒத்தது. ஏனையவை, ஈச்சுரமூலி இனக் கொடிகளை உண்டு நச்சுத்தன்மை பெற்ற செம்புள்ளி வண்ணத்துப்பூச்சிகளை ஒத்தவை. 1909இல் இலங்கைக்கு வந்த கேம்பிறிட்ஜ் அறிஞர் பனெற் இவற்றைப் பற்றி எழுதினார். அவரையடுத்து ஃபிரயர் என்பவர் இலங்கையிலேயே இவற்றைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, இவ்வடிவங்கள் மெண்டலின் விதிப்படி கடத்தப்படுவதைக் காட்டினார். 1972இல் கிளார்க்கும் ஷெப்பேட்டும் அதே இனத்தைப் பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டனர்.

குருதிவகைகளின்பால் திரும்புதல்

வண்ணத்துப்பூச்சி ஆய்வு கிளார்க்கின் மருத்துவச் சிந்தனையையும் மாற்றியது. ஒரே இனத்துள் பல வடிவங்கள் நிலைபெற்றிருப்பின், அவ்வேறுபாடு ஏதோ நன்மை தீமைகளின் சமநிலையால் நிலைநிறுத்தப்படுகின்றது என்பது ஃபோட் அவர்களின் கருத்து. மனிதரின் குருதிவகைகளும் இத்தகைய பல்வடிவங்களே. அவ்வாறாயின் குருதிவகைக்கும் நோய்க்கும் தொடர்பிருத்தல் வேண்டும். 1950களின் நடுப்பகுதியில் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் ஓ வகைக் குருதியினர்க்குச் சிறுகுடலின் முற்பகுதியிற் புண் உண்டாகும் வாய்ப்பு அதிகம் என்பதைக் காட்டினர். பொது மருத்துவர் ஒருவர் குருதிவகை ஆய்வாளராக மாறிய படி இதுவே.

அடுத்து அவர்களது கவனம் றீசசுக் காரணியின் மீது திரும்பியது. 1940களில் ஆர். ஏ. ஃபிஷர், றீசசு வகைகள் மிக நெருங்கியமைந்த மூன்று பரம்பரையலகுகளால் ஆளப்படுகின்றன என்ற கருதுகோளை முன்வைத்திருந்தார். வண்ணத்துப்பூச்சியின் பெரும்பரம்பரையலகிற்கும் இதற்கும் ஒப்புமை இருப்பதாகக் கிளார்க்கும் ஷெப்பேட்டும் கண்டனர். இந்த ஒப்புமையிலிருந்து சிகிச்சை முறை தருக்கமுறையாகப் பெறப்பட்டதென எண்ணுதல் தவறு. பரம்பரையலகுகள் ஒன்றன் விளைவை மற்றொன்று மாற்றவல்லன என்பதைக் காணுமாறு அவர்களுடைய கண் பழகியிருந்தது என்பதே பொருத்தமாகும்.

நேராத தீங்கு பற்றிய வினா

அவ்வாறு ஒன்றன் விளைவை மற்றொன்று மாற்றும் எடுத்துக்காட்டு குருதிவகைகளில் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. ஏ, பீ, ஓ வகைப்படி தாயின் குருதியோடு பிள்ளையின் குருதி பொருந்தாத குடும்பங்களில் றீசசு நோய் குறைவாகவே காணப்படுகின்றது என்பதை லெவின் 1943இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். எடுத்துக்காட்டாக, தாய் ஓ வகையினளாகவும் பிள்ளை ஏ வகையினதாகவும் இருப்பின், தாயின் குருதியில் இயல்பாகவே ஏ வகைக்கெதிரான பிறபொருளெதிரி உண்டு. பிரசவத்தின்போது கசியும் பிள்ளையின் கலங்களை அது உடனடியாக அழித்துவிடுகின்றது. அக்கலங்களின் மேலுள்ள றீசசுக் காரணியை இனங்காணத் தாயின் உடலுக்கு அவகாசமில்லை. இங்ஙனம் ஒரு பொருந்தாமை மற்றொரு பொருந்தாமையின் தீங்கைத் தடுக்கின்றது.

நோயை ஆராய்வோர் பெரும்பாலும் தீங்கு ஏன் நேர்கின்றது என வினவுவர். லிவர்பூல் குழுவினரோ, நேரவேண்டிய இடத்தில் தீங்கு ஏன் நேரவில்லை என வினவினர். கிளார்க்கின் மேற்பார்வையில் ஆய்வு செய்த இளம் மருத்துவர் றொனால்ட் ஃபின், சிறிது காலத்துக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டிருந்த நிறமூட்டல் முறையொன்றினால், பிரசவித்த தாயரின் குருதியிற் கலந்துள்ள பிள்ளையின் கலங்களை நுணுக்குக்காட்டியில் எண்ணினார். ஏ, பீ, ஓ வகை பொருந்தாவிடத்து அக்கலங்கள் அரிதாகவே காணப்பட்டன. இதனை அடியாகக் கொண்டு 1960 பெப்ரவரியில் லிவர்பூலில் நடைபெற்ற மருத்துவர் கூட்டமொன்றில் ஃபின் ஒரு யோசனையை வெளியிட்டார். இயற்கை செய்வதை நாமும் செய்யலாம். பிரசவத்தின் பின் தாய்க்கு றீசசுக் காரணிக்கெதிரான பிறபொருளெதிரியையே ஊசிமூலம் ஏற்றினால், கசிந்த கலங்கள் தாயின் உடல் விழிப்படையுமுன் அகற்றப்படும் என்பதே அது.

இது முதற்பார்வையில் முரணாகத் தோன்றும். எந்தப் பொருள் தாயின் உடலில் உண்டாகாமற் காக்க வேண்டுமோ அந்தப் பொருளையே தாய்க்குக் கொடுப்பது எங்ஙனம்? தம் மனைவி ஓரிரவு தம்மை எழுப்பி இதே யோசனையைக் கூறியதாகவும், தாம் இம்முரணைச் சுட்டிவிட்டு மீண்டும் உறங்கிப்போனதாகவும் கிளார்க் பின்னாளிற் கூறியுள்ளார். வெளியிலிருந்து ஏற்றப்படும் பிறபொருளெதிரி சில மாதங்களில் அழிந்துவிடும்; உடல் தானே ஆக்கக் கற்றுக்கொண்டதோ வாழ்நாள் முழுதும் நிலைக்கும். இவ்வேறுபாட்டை உணர்ந்தால் முரண் அகன்றுவிடும்.

பிழைத்த பரிசோதனையும் பலித்த பரிசோதனையும்

கருத்து எளிது, செயலாக்கம் எளிதன்று. இளம் பெண்களை வைத்து இதனைச் சோதித்தல் இயலாது. முறை பிழைத்தால் அவர்களுடைய வருங்காலப் பிள்ளைகள் மடிய நேரும். ஆகவே றீசசு மறை வகையைச் சேர்ந்த ஆண் தொண்டர்கள் முன்வந்தனர். அவர்களுக்கு றீசசு நேர்க் கலங்கள் ஏற்றப்பட்டன. ஒரு சாராருக்குப் பின்னர் பிறபொருளெதிரியும் ஏற்றப்பட்டது.

ஏ, பீ வகைகளுக்கெதிரான இயற்கைப் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் மூலக்கூற்றளவிற் பெரியனவான ஐ.ஜி.எம். வகையைச் சேர்ந்தவை. இயற்கையைப் பின்பற்ற முனைந்த குழுவினர் முதலில் அவ்வகைப் பிறபொருளெதிரியையே பயன்படுத்தினர். விளைவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறாயிற்று. பிறபொருளெதிரி பெற்றோரிடம் ஒவ்வாமை குறைவதற்குப் பதிலாகக் கூடியது. கருத்து அத்தோடு கைவிடப்பட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் மூலக்கூற்றளவிற் சிறியதான ஐ.ஜி.ஜி. வகைப் பிறபொருளெதிரியைக் கொண்டு மீண்டும் சோதித்தனர். இம்முறை கலங்கள் விரைவில் அகற்றப்பட்டதோடு ஒவ்வாமை உண்டாவதும் தடைப்பட்டது. 1961ஆம், 1963ஆம் ஆண்டுகளில் வெளியான கட்டுரைகள் இப்பரிசோதனைகளை விவரிக்கின்றன. இச்சிகிச்சை செயற்படும் முறை இன்றும் முழுமையாக விளக்கப்படவில்லை. கலங்களை அகற்றுவது மட்டுமே காரணமன்று என்பது பல ஆய்வாளரின் கருத்து. இயற்கையைப் பார்த்துச் செய்தவர்கள், இறுதியில் இயற்கை செய்யாததொன்றைச் செய்தே வெற்றி கண்டனர் எனலாம்.

1964இல் லிவர்பூலில் தாயர் மீதான சோதனை தொடங்கிற்று. முதற் பிள்ளையைப் பெற்ற, குருதியிற் பிள்ளையின் கலங்கள் மிகுந்து காணப்பட்ட றீசசு மறைத் தாயர் தெரிவு செய்யப்பட்டனர். பிரசவத்தின் பின் இரண்டு நாள்களுள் ஒரு சாராருக்கு அன்ரி-டி எனப்படும் இப்பிறபொருளெதிரி ஏற்றப்பட்டது. மாதங்கள் கழித்துச் சோதித்தபோது இரு சாராருக்குமிடையே இருந்த வேறுபாடு ஐயத்திற்கிடமில்லாதது. சிகிச்சையின்றி விடப்பட்டால், ஏ, பீ, ஓ வகை பொருந்திய றீசசு நேர்ப் பிள்ளையைப் பெறும் றீசசு மறைத் தாயருள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்க்கு ஒவ்வாமை உண்டாகும். பிரசவத்தின் பின் அன்ரி-டி ஏற்றினால் இது நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவுக்குக் குறைகின்றது. கருவுற்ற 28ஆவது வாரமளவிலும் ஏற்றினால் இடர் மேலும் குறையும் என்பதைப் பின்னர் கனடாவின் வினிபெக் நகர ஆய்வாளர் நிறுவினர்.

நியூயோர்க் குழுவினர்

இதே காலப்பகுதியில் நியூயோர்க்கில் வின்சன்ற் ஃபிரீடா, ஜோன் கோர்மன், வில்லியம் பொலக் ஆகிய மூவரும் வேறொரு வழியால் இதே முடிவை அடைந்தனர். நச்சுப்பொருளொன்றினை அதற்குரிய எதிரியோடு மிகுதியாகக் கலந்து செலுத்தினால் உடல் எதிர்ப்புச் சக்தி பெறுவதில்லை என 1909இல் தியோபோல்ட் ஸ்மித் கண்டதே அவர்களது தொடக்கம். அவர்கள் முதலிலிருந்தே ஐ.ஜி.ஜி. வகையைப் பயன்படுத்தியதால் லிவர்பூல் குழுவினர் கண்ட தடுமாற்றம் அவர்களுக்கு நேரவில்லை.

அவர்களது தொண்டர்கள் சிங் சிங் சிறைச்சாலையின் கைதிகள். அன்ரி-டி பிரசவத்தின் பின் 72 மணி நேரத்துள் ஏற்றப்பட வேண்டும் என மருத்துவ நூல்களில் இன்றும் காணப்படும் விதி, சிறைக்குட் செல்ல ஆய்வாளருக்கு அளிக்கப்பட்ட அனுமதியின் கால இடைவெளியிலிருந்து பிறந்ததேயன்றி உடலியல் எல்லையன்று. சிறைப்பட்டிருப்பவனின் சம்மதம் எவ்வளவு தூரம் சுதந்திரமான சம்மதமாகும் என்ற கேள்வி அன்று அதிகம் எழுப்பப்படவில்லை. இன்று கைதிகள் மீதான ஆய்வுக்கு அமெரிக்காவிலும் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. தாயரின் நன்மைக்கு முதல் விலை கொடுத்தோருள் அக்கைதிகளும் அடங்குவர் என்பதை மறத்தல் முறையன்று.

1968இல் அமெரிக்காவில் இம்மருந்து அனுமதி பெற்றது. 1980இல் கிளார்க், ஃபின், ஃபிரீடா, கோர்மன், பொலக் ஆகிய ஐவருக்கும் லாஸ்கர் பரிசு வழங்கப்பட்டது.

குருதி ஈந்தோர்

அன்ரி-டி ஏனைய மருந்துகளைப் போன்றதன்று. அதற்குரிய மூலப்பொருள் மனிதக் குருதியே. தொடக்கத்தில் அதனை ஈந்தோருட் பலர், ஏற்கெனவே ஒவ்வாமை உண்டாகித் தம் பிள்ளைகளை இழந்த தாயரே. தம்மைப் பிள்ளையற்றவராக்கிய அதே பொருளை, பிறர் பிள்ளைகளைக் காக்க அவர்கள் வழங்கினர். நோய் குறையக் குறைய அத்தகைய தாயரும் குறைந்தனர். இதன்பின் றீசசு மறை ஆண்களும், பிள்ளைப்பேற்றுக் காலத்தைக் கடந்த பெண்களும் தாமாகவே முன்வந்து, றீசசு நேர்க் கலங்களை ஏற்று, பிறபொருளெதிரியை ஆக்கி ஈயலாயினர். அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹரிசன், 2018இல் தமது 81ஆவது வயதில் ஓய்வு பெறும்வரை 1,173 தடவை குருதிக்கூறு ஈந்தவர். அவர் 2025இற் காலமானார்.

குருதியிலிருந்து வரும் மருந்து குருதியின் இடரையும் கொண்டுவரலாம். 1977-78ஆம் ஆண்டுகளில் அயர்லாந்தில் தயாரிக்கப்பட்ட அன்ரி-டி, ஈரலைத் தாக்கும் ஹெபரைற்றிஸ் சி வைரசினால் மாசடைந்திருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாயர் தொற்றுக்கு ஆளாயினர். இவ்வுண்மை 1994இலேயே வெளிவந்தது. பிள்ளையைக் காக்க ஏற்றிய ஊசி தாயை நோயாளியாக்கிய இந்நிகழ்ச்சி, விஞ்ஞானக் கண்டுபிடிப்புக்கும் அதன் நேர்மையான வழங்கலுக்குமிடையே பொறுப்புள்ள நிர்வாகம் என்னும் ஒரு கண்ணி உண்டு என்பதை உணர்த்துகின்றது.

பிற்கால ஆய்வுகளும் இன்றைய அறிவும்

கிளார்க் 1970இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1972 முதல் 1977 வரை இலண்டன் மருத்துவர் றோயல் கல்லூரியின் தலைவராக விளங்கினார். உயர்பதவிகள் அவரைப் பூச்சிகளிடமிருந்து பிரிக்கவில்லை. 1959 முதல் தமது வீட்டையடுத்த விறல் குடாநாட்டுப் பகுதியில் விளக்குப் பொறி வைத்து, ஒருவகை அந்துப்பூச்சியின் கரிய வடிவத்தையும் வெளிர் வடிவத்தையும் ஆண்டுதோறும் எண்ணிவந்தார். தொழிற்சாலைப் புகையாற் கறுத்த மரங்களில் மறைந்து வாழ்ந்த கரிய வடிவம் தொடக்கத்திற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேலாக இருந்தது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் பின் காற்றுத் தூய்மையடைய, 1980களின் இறுதியில் அது மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைந்தது. சட்டமொன்றின் விளைவு பூச்சியின் பரம்பரையலகிற் பதிவானதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

அதே பொறுமையோடு அவர் றீசசு நோயினால் நேரும் மரணங்களையும் ஆண்டுதோறும் ஆராய்ந்து, தடுப்பூசி தவறிய இடங்களைச் சுட்டிவந்தார். 1969க்கு முன் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 46 ஆக இருந்த இம்மரணங்கள், 1990இல் 1.6 ஆக வீழ்ச்சியடைந்தன.

அவரைத் தூண்டிய ஒப்புமை பற்றியும் இங்கு ஒரு குறிப்பு வேண்டும். றீசசு வகைகளை ஆளுபவை மூன்று பரம்பரையலகுகளல்ல. முதலாம் நிறமூர்த்தத்தில் அருகருகே அமைந்த இரண்டே என்பது 1990களின் மூலக்கூற்றாய்வுகளால் தெளிவாயிற்று. ஐரோப்பிய றீசசு மறையினரிற் பெரும்பாலானோரிடம் அவற்றுள் ஒன்று முற்றாக இல்லை. இலங்கையில் ஃபிரயர் வளர்த்த பப்பிலியோ பொலிற்றசின் பெண் வடிவங்களை ஆளுவது நெருங்கியமைந்த பல பரம்பரையலகுகளின் கூட்டமன்று, பால் வேறுபாட்டோடு தொடர்புடைய ஒற்றைப் பரம்பரையலகே என்பது 2014இல் அறிவிக்கப்பட்டது. ஆக, ஒப்புமையின் இரு பக்கமும் திருத்தம் பெற்றுவிட்டன. எனினும் அது எழுப்பிய வினா பலன் தந்தது. கருதுகோள் பிழைபடுதல் விஞ்ஞானத்துக்கு இழுக்கன்று. வினா எழாதிருத்தலே இழுக்கு.

கிளார்க் 2000ஆம் ஆண்டு நவம்பரில், 93ஆவது வயதில் மறைந்தார். அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1997இல், கருவின் டி.என்.ஏ. தாயின் குருதியில் மிதப்பதை டெனிஸ் லோவும் அவருடைய குழுவினரும் கண்டனர். இதன் பயனாகத் தாயின் குருதியிலிருந்தே கருவின் றீசசு வகையை இன்று அறியமுடிகின்றது; கருவும் மறை வகையினதாயின் அத்தாய்க்கு ஊசி தேவையில்லை.

முடிவுரை

இலங்கையிற் கருவுற்ற தாயரின் குருதிவகை கிளினிக்குகளில் சோதிக்கப்படுகின்றது. றீசசு மறைத் தாய்க்கு அன்ரி-டி வழங்குதல் மருத்துவ நடைமுறையாகிவிட்டது. எமது மக்களிடையே மறை வகையினர் சிறுபான்மையினராய் இருப்பதால் இந்நோயின் பாரம் ஐரோப்பாவிலிருந்த அளவுக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. ஆயின் சிறுபான்மையாயிருத்தல் கவனிக்கப்படாமைக்கும் காரணமாகலாம். உலகளவில் இத்தடுப்பூசி தேவைப்படும் தாயருள் ஏறத்தாழ அரைப்பங்கினர் அதனைப் பெறுவதில்லை என மதிப்பிடப்பட்டுள்ளது. அவர்களுட் பெரும்பாலோர் ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் வாழும் ஏழைத் தாயர். தன் குருதிவகையை அறியாமலே பிள்ளை பெறும் பெண்ணுக்கும், கருச்சிதைவின் பின் மருத்துவமனையை நாடாத பெண்ணுக்கும் 1968ஆம் ஆண்டு இன்னும் வரவில்லை.

பயன் யாதெனக் கேட்டிருந்தால் கிளார்க்கின் வண்ணத்துப்பூச்சிகளுக்கு நிதியுதவி கிடைத்திராது. ஆதலின் உடனடிப் பயனை மட்டுமே அளவுகோலாக்கி ஆய்வுகளை மதிப்பிடும் போக்கினைப் பல்கலைக்கழகங்கள் எதிர்த்தல் வேண்டும் என்பது ஒரு பாடம். அறிவு பிறந்த பின் அது பயனாக மாறுவது தானாக நிகழ்வதன்று என்பது மற்றொரு பாடம். லிவர்பூலிற் சில ஆண்டுகளில் தீர்க்கப்பட்ட வினாவுக்குரிய விடையை உலகின் ஏழைத் தாயரிடம் கொண்டுசெல்ல அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் முடியவில்லை. முன்னையது ஆய்வாளரின் கடமை. பின்னையது சமுதாயத்தின் கடமை. முதற் கடமை நிறைவேறிவிட்டது. அடுத்தடுத்துப் பிள்ளைகளை இழக்கும் தாய் இன்றும் எங்கேனும் இருப்பாளாயின், குற்றம் அவள் வயிற்றிலோ சாதகத்திலோ இல்லை. இரண்டாவது கடமையை நிறைவேற்றாத நம்மிடமே உள்ளது.